சுல்தானுக்கு உமிக்கரி போட்ட கதை

தெரியாத விஷயத்தில் மனிதன் அவ்வளவாகக் கெடுவதில்லை. பயம் இருக்கும். நாலு பேரைக் கேட்பான். தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். நன்றாகத் தெரிந்த விஷயத்தில்தான் கண்ணை மூடிக்கொண்டு கால் வைப்பான். என் கதை அதைவிட மோசம். நான் என் காலை வைக்கவில்லை. ஒரு முயலின் நாலு காலை வைத்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் முயல் பிழைக்காது. பிழைத்துவிடும் என்று நம்பிப் படித்துவிட்டுக் கடைசியில் என்னைத் திட்டாதீர்கள். (எங்கள் வீட்டு விசேஷங்களில் இதைச் சொன்னால் எல்லாரும் புரையேறச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்ததும் கை கழுவப் போகிற மாதிரி எழுந்து போய்விடுவேன்.)

என் பெயர் ஆரோக்கியம். அப்போது எனக்கு வயது இருபத்து நாலு. ஊர், நன்னிலம் பக்கம். பி.காம். முடித்து மூன்று வருஷம். அப்பாவுக்குக் குத்தகை நிலம். ஆற்றில் வருகிற தண்ணீர் எல்லாருக்கும் போய் மிச்சம் இருந்தால் எங்கள் வாய்க்காலுக்கு வரும்; அந்த வருஷங்களில் மிச்சம் இருக்கவில்லை. ஊரில் டீக்கடைப் பேச்சே மாறிப் போயிருந்தது. முன்பெல்லாம் "நாத்து விட்டாச்சா?" என்று கேட்பார்கள். இப்போது "பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" என்றார்கள். நான் எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒட்டியிருந்த போட்டோவில் நான் ஏற்கெனவே விமானத்தில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி முகத்தை வைத்திருந்தேன்.

என்னை விமானத்தில் ஏற்றக்கூடிய ஒரே மனிதர் அத்தான். ரெஜினா அக்காவின் கணவர். மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சூப்பர்வைசர். அவர்கள் கம்பெனிக்கு ஸ்டோர் கீப்பர் ஒருவர் தேவை என்றும், அத்தான் கை காட்டுகிற ஆளை எடுத்துக்கொள்வார்கள் என்றும் அக்கா கடிதம் எழுதியிருந்தாள். அந்த வருஷம் இரண்டு மாத லீவில் அத்தான், அக்கா, அவர்கள் மகள் ஜெனி மூன்று பேரும் வந்தார்கள். தஞ்சாவூரில் புது வீடு கட்டி முடிந்திருந்தது. எங்கள் சொந்தத்தில் முதல் மார்பிள் தரை அதுதான். பார்க்க வந்தவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பிறகு காலையும் கழற்றி வைக்க முடியுமா என்று யோசிக்கிற மாதிரி நின்றார்கள்.

எடுபிடி வேலைக்கு என்று என்னை அங்கே வரச் சொன்னார் அத்தான். எனக்குத் தெரியும், அது எடுபிடி இல்லை, பரீட்சை. பால் வாங்கப் போனால்கூட நிமிர்ந்து நடந்து போனேன்.

ஜெனிக்கு எட்டு வயது. மஸ்கட் பிளாட்டில் அடைந்து கிடந்த பிள்ளை, ஊருக்கு வந்தால் ஏதாவது ஒன்று வளர்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்று, ஒரு வெள்ளை முயலை வாங்க வைத்துவிட்டாள். சுல்தான் என்று பெயர் வைத்தாள். சுல்தான் வந்த முதல் நாளே மார்பிள் தரையில் ஒன்றுக்குப் போனார். துடைத்த பிறகும் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நின்றது. எலுமிச்சம்பழம் தேய்த்தாள் அக்கா. தரையில் இருந்த பளபளப்பும் சேர்ந்து போயிற்று.

"அங்க கீழ் வீட்டு ஆன்ட்டி பூனைக்கு ஒரு மண்ணு வாங்குவாங்க மாமா. கடையில பையில விப்பாங்க. தட்டுல கொட்டி வச்சா பூனை அதுலதான் போகும். நாத்தமே வராது" என்றாள் ஜெனி.

"மூத்திரம் போறதுக்கு மண்ணைக் காசு குடுத்து வாங்குறாங்களா?"

"ஆமா மாமா. வாசனையாக்கூட இருக்கும்."

உலகம் எங்கேயோ போய்விட்டது, நான் நன்னிலத்தில் நிற்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அத்தான் சோபாவில் சாய்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ள, இத நீ பாத்துக்க. செலவு இழுக்கக் கூடாது. வாடை வரக் கூடாது. தரை கெடக் கூடாது. என்ன போடலாம்னு நீயே ஒரு முடிவுக்கு வா. ஸ்டோர் வேலைங்கறதே இதான். எது தேவை, எது மலிவு, எது பத்திரம்."

மூன்றாவதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. இல்லை, சொன்னாரோ என்னவோ, என் காதில் "ஸ்டோர் வேலை" மட்டும்தான் விழுந்தது.

மறுநாள் கீழவீதிப் பக்கம் தீவனக் கடை ஒன்றில் போய், "அண்ணே, முயல் ஒண்ணுக்குப் போறதுக்குன்னு ஏதாச்சும் மண்ணு வருதாங்களாமே?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, மனுசன் போறதுக்கே எடமில்லாம பஸ் ஸ்டாண்டு செவுத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். முயலுக்குத் தனி மண்ணு கேக்குறீங்களே, நீங்க எந்த ஊரு ஜமீனு?" என்றார்.

(எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவமானத்தை அங்கேயே போட்டுவிட்டு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். படிப்பில் சேர்த்ததைவிட இப்படிச் சேர்த்ததுதான் என்னிடம் அதிகம்.)

பழைய பேப்பரில் ஆரம்பித்தேன். சுல்தான் பேப்பரைத் தின்றார். வேலைவாய்ப்புப் பக்கத்தை மிச்சம் வைக்காமல் தின்றார். அடுத்து வெண்ணாற்று மணல். ஆறு காய்ந்து கிடந்ததால் நடு ஆற்றிலேயே இறங்கி அள்ள முடிந்தது. அப்பா அதைப் பார்த்திருந்தால் அழுதிருப்பார், நான் வாளி நிறைந்ததற்குச் சந்தோஷப்பட்டேன். ஆனால் முயல் காலில் ஒட்டிய மணல் வீடு முழுக்க வந்து, நடக்கிற இடமெல்லாம் நறநறவென்று மார்பிளைக் கீறியது. "ஏண்டா, தரை போட்டவன் பாலிஷ் போட்டான். நீ உப்புத்தாள் போடறியா?" என்றாள் அக்கா. மரக்கடையில் இருந்து மரத்தூள் கொண்டுவந்தேன். முயல் தும்மும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. ராத்திரியெல்லாம் தும்மியது, கூடவே ஜெனியும் தும்மினாள்.

வைக்கோல் போடலாம் என்று தெருக்கோடியில் மாடு வைத்திருந்த அம்மாவிடம் ஒரு கட்டுக் கேட்டேன். அவர் பால் கறப்பதை நிறுத்தவில்லை. "பயிரு காஞ்சு, வைக்கோலு தங்கம் வெலை விக்குது. எம் மாடு எலும்பு தெரிய நிக்கிது. உங்க முயலுக்கு மெத்தை கேக்குதாக்கும்" என்றார். வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

உமி போட்டேன். கேட்க ஆளில்லாத பொருள், காற்று மாதிரி லேசு, ஈரத்தை உறிஞ்சும். நாலு மணி நேரம் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு கரண்டு வந்தது, நடுக்கூடத்தில் சீலிங் ஃபேன் சுற்றியது. உமி குழம்பில் கிடந்தது, தண்ணீர்க் குடத்தில் மிதந்தது, அத்தான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வி.சி.ஆர். பெட்டிக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அத்தான் தன் மூக்கில் இருந்த ஒரு உமியை எடுத்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

லீவு முடிய இரண்டு வாரம் இருந்தது. விசா பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அப்பா ஊரிலிருந்து இரண்டு தடவை பூத்தில் காத்திருந்து போன் செய்துவிட்டார். "அத்தான் எதாச்சும் சொன்னாராடா?" என்பார். நான் முயலைப் பற்றிச் சொல்ல முடியுமா? "பேசிக்கிட்டிருக்கோம்பா" என்பேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், பல் தேய்க்கும்போது எனக்கு ஞானம் பிறந்தது. (எனக்குச் சாயங்காலமும் பல் தேய்க்கிற பழக்கம் உண்டு, வெளிநாட்டுக்குப் போகப் போகிறவன் அல்லவா.) ஊரிலிருந்து கொண்டுவந்த உமிக்கரிப் பொட்டலம் கையில் இருந்தது. உமியைக் கருக்கினால் உமிக்கரி. நாற்றத்தை எடுக்கும், எடுக்காவிட்டால் வாயில் போடுவோமா? உமியைவிடக் கனம், பறக்காது. ஈரத்தை உறிஞ்சும். அரிசி மில்லில் மலை மாதிரிக் கொட்டிக் கிடக்கும், யாரும் காசு கேட்க மாட்டார்கள். மஸ்கட் பூனை மண்ணையே தோற்கடிக்கிற சரக்கு நம் ஊர் மில் வாசலில் சும்மா கிடக்கிறது!

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் அத்தானின் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சாப்பிட வருவதாக ஏற்பாடு. காலையில் எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். "நீ பூசைக்கு வரலையா?" என்றாள் அக்கா. "முக்கியமான வேலை இருக்குக்கா" என்றேன். ஆண்டவரையே தள்ளி வைத்துவிட்டு, டி.வி.எஸ். ஐம்பதில் ஊருக்கு வெளியே இருந்த மில்லுக்குப் போனேன்.

நெல் அவிக்கிற கொதிகலனுக்கு உமிதான் எரிபொருள். எரிந்ததைப் பின்பக்கம் கொட்டி வைத்திருந்தார்கள். கறுப்பும் சாம்பலுமாக என் தோள் உயரக் குவியல். களத்தில் நெல்லைக் காலால் துழாவிக் காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னைப் பார்த்துவிட்டு வந்தார். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது.

"என்னா தம்பி, சாக்கோட வந்திருக்கீங்க?"

"கொஞ்சம் கரி அள்ளிக்கிறேங்க்கா. சாம்பலா ஆகாம கறுப்பாக் கெடக்குல்ல, அது."

"அது நேத்துக் கொட்டுனது. மேல தொட்டுப் பாத்துட்டு ஏமாந்துறாதீங்க. எங்க வீட்டுக்காரரு கோவம் மாதிரி அது. பேசாம உக்காந்திருப்பாரு, கிட்ட போனாத்தான் தெரியும். ரெண்டு குடம் தண்ணிய ஊத்தி, பரத்திப் போட்டுட்டுப் போங்க. நாளைக்கி வந்து அள்ளிக்கலாம்."

"தண்ணி ஊத்துனா ஈரமாயிடும்க்கா. இது காஞ்சு இருந்தாத்தான் உறிஞ்சும்."

"எதை உறிஞ்சணும்?"

சொன்னேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "படிச்ச புள்ள சொல்றீங்க. நான் என்னத்தக் கண்டேன்" என்று சொல்லிவிட்டு நெல்லைப் பார்க்கப் போய்விட்டார்.

இந்த இடத்தில்தான் நான் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாததா? சின்ன வயதில் எங்கள் ஊர் மில் குவியலில் ஏறின ஆட்டுக்குட்டி ஒன்று முன்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டினதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் போனால் அம்மா முதுகில் ரெண்டு வைப்பாள். நெல் விளைகிற ஊரில் பிறந்த எவனுக்கும் இது சொல்லித்தர வேண்டிய பாடம் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் நெல் ஊர்க்காரனாக நிற்கவில்லை. மஸ்கட் ஸ்டோர் கீப்பராக நின்றேன். மேலாகக் கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது, சணல் சாக்கில் அள்ளினேன்.

சாக்கைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி வரும்போது முதுகு இதமாக இருந்தது. நல்ல வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

சுல்தானுக்குப் பின்கட்டு அறையில் கூண்டு. வீடு கட்டின மரத்தில் மிஞ்சின பலகையை வைத்து ஆசாரி செய்து கொடுத்தது. மூன்று பக்கமும் அடியும் பலகை, முன்னால் கம்பி வலைக் கதவு. ஒரு மூலையில் தட்டு வைத்து அதில் கொஞ்சம் போட்டிருந்தால் போதும். நான் கூண்டு முழுக்க நாலு விரல் கனத்துக்குக் கொட்டிப் பரப்பினேன். கஞ்சத்தனம் பண்ணினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா. விருந்தாளிகள் வரும்போது முயல் வெளியே வந்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்தி, கட்டுக்கம்பியைச் சுற்றி, குறடால் நாலு முறுக்கு முறுக்கினேன். கடைசியாக, கொஞ்சம் நஞ்சம் வாடை இருந்தாலும் பின் ஜன்னல் வழியாகப் போய்விடட்டும் என்று டேபிள் ஃபேனைக் கூண்டைப் பார்த்து வைத்துச் சுற்றவிட்டேன்.

நெருப்புக்கு விசிறினேன். வேறு எப்படிச் சொல்வது?

ஒரு மணிக்கு இலை போட்டார்கள். நடுக்கூடத்தில் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ரசம் வாளியோடு நடந்துகொண்டிருந்தேன். அத்தானின் பெரியப்பா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, முயல் வளக்குறதாச் சொன்னாங்க. வாடையே காணும்?" என்றார்.

அத்தான் என்னைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினேன். பூனை மண்ணிலிருந்து ஆரம்பித்து, மணல், தூள், உமி எல்லாவற்றையும் சொல்லி, உமிக்கரியில் கொண்டுவந்து முடித்தேன். சபை ஆடிப் போயிற்று. "பல்லு விளக்குறதப் போட்டு முயலு வாடையப் போக்கிட்டானே!" என்றார் பெரியப்பா.

அப்போதுதான் பின்கட்டிலிருந்து சத்தம் வந்தது. டப். டப். கொஞ்சம் விட்டு மறுபடியும் டப், டப், டப்.

"அது என்னா சத்தம்?"

"முயல்தாங்க. புது எடம் புடிச்சிருக்கு. சந்தோசத்துல குதிக்கிது" என்றேன்.

"கெட்டிக்காரன்யா! கரியக் கொட்டி முயலையே டான்ஸ் ஆட வச்சுட்டான்!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அதிகமாகச் சிரித்தேன். அத்தானும் சிரித்தார். லீவில் வந்து அன்றைக்குத்தான் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மாப்ள, பாஸ்போர்ட்ட நாலு காப்பி எடுத்து வை. போகும்போது கொண்டு போறேன்" என்றார், அத்தனை பேர் முன்னால், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

முடிந்தது. வேலை கிடைத்துவிட்டது. ரசம் வாளியை எடுத்தேன், அது கனமே இல்லை. அடுத்த வரிசைக்குப் போனபோது ஜெனி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, அது டான்ஸ் இல்ல. அது கூப்புடுது."

"சாப்புடும்மா. சாப்புட்டுட்டுப் போய்ப் பாக்கலாம்."

டப். டப்.

அவள் இலையிலிருந்து எழுந்து போனாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பெரியப்பாவிடம், மஸ்கட்டில் வெயில் தாங்குமா என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஜெனி திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் கத்தவில்லை. கம்பி வலையைப் பிடித்த இரண்டு உள்ளங்கையும் கறுப்பாக இருந்தது.

"மாமா, சுல்தான் சூடா இருக்கு" என்றாள்.

அறைக் கதவைத் திறந்தபோது புகை பாதிக்கு மேல் ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் வைத்த டேபிள் ஃபேன் அந்த வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. கூண்டின் அடிப்பலகை ஓரம் சிவப்பாகக் கனிந்து கிடந்தது. சுல்தான் ஒரு மூலையில் பின்னங்காலில் எழுந்து நின்று, பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. கட்டுக்கம்பியைப் பிரிக்கப் பார்த்தேன். குறடு போட்டு முறுக்கினது விரலுக்கு வருமா? விரல் பொத்துப் போயிற்று. அத்தான் என்னைத் தள்ளிவிட்டு, கூண்டை ஒரே உதை உதைத்துப் பலகையைப் பெயர்த்து, முயலை வெளியே இழுத்தார். பிறகு ஒவ்வொருவராகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். மார்பிள் மேல் கரித்தண்ணீர் ஓடியது. சூடான இடத்தில் பச்சைத் தண்ணீர் பட்டு, சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. தரை அறை அகலத்துக்கு விரிசல் விட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. அங்கே வேலை பார்க்கும் கம்பவுண்டர் அண்ணன் ஒருவரை வீட்டில் போய்ப் பிடித்தோம். அவர் முயலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பாதங்களுக்கு மருந்து போட்டார். நான், "அது கத்தவே இல்லீங்களே. கத்தியிருந்தா வந்திருப்பேன்" என்றேன்.

"இது கத்துற ஜாதி இல்ல தம்பி. ஆபத்துன்னா காலால தட்டும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தட்டுச்சா?" என்று கேட்டார்.

ஜெனி சொன்னாள். "ரொம்ப நேரம் தட்டுச்சு."

இதற்கு அப்புறம் நான் செய்த காரியத்தைத்தான் குடும்பத்தில் யாருக்கும் பல வருஷம் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை, வீட்டில் எல்லாரும் முயலைச் சுற்றி உட்கார்ந்து ஈரப் பஞ்சால் வாயை நனைத்துக்கொண்டிருந்தபோது, நான் கட்டுப்போட்ட விரல்களோடு நைசாக வெளியே போய் பாஸ்போர்ட்டை நாலு காப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். அத்தான் சொன்ன வார்த்தையை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லையே. அப்படி ஒரு நப்பாசை. மனிதன் எவ்வளவு கேவலமாக நம்புவான் என்பதற்கு நாலு நகல் என் சட்டைப் பையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் சுல்தான் செத்துப்போனது. சுற்றுச்சுவர் ஓரம் குழி வெட்டினேன். ஜெனி தன்னுடைய தலையணை உறையை உருவிக்கொண்டு வந்து கொடுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லுவதற்காவது ஒரு வேலை இருந்திருக்கும்.

மண்ணை மூடி மிதித்த பிறகு, அத்தான் பைப்படியில் கை கழுவிக்கொண்டே பேசினார். சத்தம் போடவில்லை. சத்தம் போடுவார் என்று இரண்டு நாளாக எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

"மாப்ள, அந்த மில்லுல யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாங்க அத்தான். தண்ணி ஊத்திட்டு எடுத்துட்டுப் போங்கன்னாங்க."

"ஏன் ஊத்தல?"

"காஞ்சிருந்தாத்தான உறிஞ்சும்..."

தலையை ஆட்டினார். "எங்க ஸ்டோர்ல பெயிண்ட் இருக்கு. தின்னர் இருக்கு. டீசல் டிரம்மு வரிசையா நிக்கும். அதுக்கு அடுத்த ஷெட்டுலதான் நம்ம ஆளுங்க படுத்துத் தூங்குறாங்க. எல்லாம் உன்ன மாதிரி பசங்க." துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "நீ நல்லவன்தான். கெட்டவனா இருந்தா நான் கோவப்பட்டுட்டுக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

அந்த வாக்கியத்தை நான் இத்தனை வருஷமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று மத்தியானம் அப்பா பூத்திலிருந்து கூப்பிட்டார். "அத்தான் சொல்லிட்டாராடா?" என்றார். "சொல்லிட்டாருப்பா" என்றேன். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஒரு முயலுக்காக மகனின் வேலை போயிற்று என்பதை அவருக்குப் புரியவைக்க மூன்று நிமிஷம் ஆயிற்று. புரிந்த பிறகு அவர் கேட்டது ஒன்றுதான். "ஏண்டா, நெல்லுக்காரன் வீட்டுப் புள்ளைடா நீ. உமிக்குள்ள கையை விட்டுப் பாக்கலியா?"

திருச்சி விமான நிலையத்தில் வழியனுப்பும்போது ஜெனி எல்லாருக்கும் கை காட்டினாள். எனக்குக் காட்டவில்லை. அந்த ஸ்டோர் வேலைக்கு அத்தானின் சித்தப்பா மகன் போனான். பதினெட்டு வருஷம் பார்த்தான். எதுவும் தீப்பிடித்ததாகத் தகவல் இல்லை. நான் காப்பி எடுக்கப் போன ஜெராக்ஸ் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்து, பிறகு மருத்துவக் கல்லூரிப் பக்கம் சொந்தமாக ஒரு கடை போட்டேன். இன்றைக்கும் அதுதான் பிழைப்பு.

எட்டு வருஷம் ஜெனி என்னிடம் "நல்லா இருக்கீங்களா மாமா", "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் பேசினதில்லை. ஒரு கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தபோது அக்கா இயேசு பிறந்த குடிலைப் பொம்மைகள் வைத்து ஜோடித்து முடித்துவிட்டு, "மெழுகுவத்திய ஏத்துடா" என்று தீப்பெட்டியை என்னிடம் நீட்டினாள். ஜெனி சட்டென்று நடுவில் கையை நீட்டிப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, உள்ள மாடு, ஆடு, கழுதை எல்லாம் இருக்கு. மாமா கிட்டப் போய்க் குடுக்கறியே" என்றாள்.

வீடே வெடித்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள், என் முகத்தைப் பார்த்து. நான் பின்கட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, விரிசல் விட்ட தரைமேல் போட்டிருந்த பாயில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எட்டு வருஷம் கழித்து என்னை ஒருத்தி கிண்டல் பண்ணிவிட்டாள். அவ்வளவு நிம்மதி.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான். பிறந்தநாள் கேக்கா, பொங்கல் அடுப்பா, யார் வீட்டுப் புதுமனை புகுவிழாவா, முதலில் என்னைத் தேடுவார்கள். "ஆரோக்கியத்த வெளிய உக்கார வச்சாச்சா? சரி, அடுப்பப் பத்த வைங்க."

அத்தான் ஓய்வு பெற்று வந்து தஞ்சாவூர் வீட்டிலேயே இருக்கிறார். ஜெனி இப்போது மெல்போர்னில். அவளுக்குப் பிரசவம் என்று சென்ற வருஷம் அக்காவும் அத்தானும் ஆறு மாதத்துக்குக் கிளம்பினார்கள். கிளம்புகிற அன்று அத்தான் என்னைக் கூப்பிட்டு ஒரு சாவிக் கொத்தைக் கொடுத்தார். முன் கதவு, பின் கதவு, மாடி, பீரோ, மோட்டார் அறை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். "எல்லாம் உம் பொறுப்புதான் மாப்ள. இங்கயே வந்து தங்கிக்க. நீதான் ஸ்டோர் கீப்பர்" என்றார். வயதானதால் குரல் கொஞ்சம் நடுங்கியது. முப்பது வருஷம் ஆகியிருக்கலாம், வேலை கிடைத்துவிட்டது.

ராத்திரிக்கு வெந்நீர் வைக்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். சிலிண்டர் இருந்தது. அடுப்பு இருந்தது. ரெகுலேட்டரைக் காணோம். லைட்டர் இல்லை, தீப்பெட்டி இல்லை, சாமி படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுவத்திகூட இல்லை. பக்கத்து வீட்டில் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றபோது அக்கா விமான நிலையத்திலிருந்து போன் செய்தாள். அவளால் பேச முடியவில்லை, அப்படிச் சிரித்தாள்.

பெட்டியைப் படம் பிடித்துப் பார்த்த அதிகாரி, துணிகளுக்கு நடுவே எதையோ பார்த்துச் சந்தேகப்பட்டுத் திறக்கச் சொன்னாராம். துண்டில் சுற்றின கேஸ் ரெகுலேட்டர். "மெல்போர்னுக்கு எதுக்கு சார் இது?" என்று கேட்டாராம். அத்தான் வரிசையில் பின்னால் நிற்பவர்களைப் பற்றிக் கவலைப்படாமல், பூனை மண்ணில் ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னாராம்.

"கடைசில அவரு என்ன சொன்னாரு தெரியுமாடா?" என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு. "ரெகுலேட்டரத் திருப்பித் துண்டுல சுத்தி வச்சு, பெட்டிய மூடி, 'பத்திரமாக் கொண்டு போங்க சார்'னு சொன்னாரு."